வாசகர் கேள்வி – பதில்: தீவகத்துக்குப் படகேறுமுன்

கேள்வி: ஓகஸ்ட் மாதம் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பத்தோடு வருகிறா. சின்னப் பிள்ளைகளோடு எட்டுப் பேர். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கலாமா? – வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையில்தான் படகு என்பதால் பலரும் இந்தக் கணக்கைப் போட்டு இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நயினாதீவுக்குக் கால் மணி நேர ஓட்டம். பகல் முழுக்கப் படகு வந்துபோகும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதுவும் திறந்த கடலில். ஒரு நாளைக்கு ஓடுவதே சில படகுகள்தான். அந்த நேரங்கள் தீவுச் சனத்துக்காகப் போட்டவை: காலையில் ஆஸ்பத்திரி, கந்தோர் அலுவலுக்கு இங்கே வந்து, பின்னேரம் வீடு திரும்ப வேண்டும். நீங்களோ அதற்கு எதிராகப் போய்வருகிறீர்கள். ஆகவே உங்கள் நாளைத் திரும்பும் படகிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இறங்குதுறையில் முதல் கேள்வி 'கடைசிப் படகு அங்கிருந்து எத்தனை மணிக்கு?' என்பதாக இருக்கட்டும். அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

நெடுந்தீவுக்கென்று முழு நாளை ஒதுக்குங்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் விடியவே புறப்பட வேண்டும். சொந்த வாகனமென்றால் துறையடியில் விட்டுவிட்டு ஏறலாம். எல்லோரும் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் வைத்திருங்கள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு கட்டாயம். தீவின் பல கிணறுகளில் தண்ணீர் உவர். வெளியில் நிழல் என்று சொல்லப் பனைதான்.

இறங்கியவுடன் இரண்டு வேலை. ஒன்று, கடையில் மதியச் சோறு சொல்லிவைப்பது. எட்டுப் பேருக்குத் திடீரென்று போய்க் கேட்டால் இருக்காது. மற்றது, ஓட்டோவோ பிக்கப்போ பேசுவது. எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறைக்குத் திரும்ப வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன்னே பேசி முடியுங்கள். கோட்டை, புறாக்கூடு, உள்ளே கோறையான பெருக்கமரம் (பாவோபாப்), மட்டக்குதிரைகள் என்று போனால் மூன்று மணி நேரம் சரியாக இருக்கும். குதிரைகளுக்கு பிஸ்கட் நீட்ட வேண்டாம்; பழகிவிட்டால் வாகனத்தைக் கண்டதும் வீதிக்கு ஓடிவரும். குட்டியோடு நிற்கும் குதிரைக்குக் கிட்டப் போனால் உதைக்கும்.

போகிற வழியில் கல்வேலிகளைக் குனிந்து பாருங்கள். பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சில கல்லில் மூளை மடிப்புப் போன்ற வரிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஞாபகத்துக்கு என்று ஒன்றை உருவினால் மேலுள்ள கற்கள் பிடி விட்டுச் சரியும். பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிவையுங்கள்.

நயினாதீவை வேறொரு நாள் காலையில் வையுங்கள். அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். நாகவிகாரை நடந்து போகும் தூரம். அமுதசுரபி மண்டபத்தில் மதிய அன்னதானம் உண்டு. வெள்ளிக்கிழமையும் ஆனித் திருவிழா நாட்களும் படகுக்கு நெடு வரிசை நிற்கும்.

கேள்வி: அம்மாவுக்குப் படகில் சத்தி வரும். எந்த மாதம் கூட்டிப்போகலாம்? – வாசகர், சாவகச்சேரி

பதில்: மாசி தொடக்கம் சித்திரை வரை. வாடை எனும் வடகிழக்குக் காற்று ஓய்ந்து, சோழகம் எனும் தென்மேற்குக் காற்று தொடங்காத காலம். வைகாசிக்குப் பிறகு சோழகம் பிடிக்கும். நெடுந்தீவு குறிகாட்டுவானுக்குத் தென்மேற்கே இருப்பதால் போகும்போது படகு காற்றுக்கு முகம் கொடுத்தே ஓடும். அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கித் தூக்கி விழும், தண்ணீர் சிதறும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே அந்த மாதங்களில் போவதென்றால் காலைப் படகுதான். அம்மாவை நடுப்பகுதியில், சற்றுப் பின்னால் இருத்துங்கள். ஆட்டம் அங்கே குறைவு. கீழ்த்தட்டில் டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முந்திப் போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

கேள்வி: காரைநகர் கசூரினா கடற்கரையில் குளித்துவிட்டு அப்படியே எழுவைதீவுக்குப் போக வழி உண்டா? – வாசகர், மானிப்பாய்

பதில்: உண்டு. காரைநகரிலிருந்து 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறி ஊர்காவற்றுறைக்குக் கடக்கலாம். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் அங்கிருந்துதான் படகு. ஆனால் குளிப்பைப் பிற்பாட்டுக்கு வையுங்கள், முதலில் தீவு. பாதை பழுதென்றால் யாழ்ப்பாணம் வந்து பண்ணை வழியாகச் சுற்ற வேண்டிவரும், அதற்குள் படகு போய்விடும். புறப்படுமுன் பாதை ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

கசூரினாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது வடக்குப் பார்த்த கரை. சோழகக் காலத்தில் கடல் குளம்போலக் கிடக்கும், ஆழமும் நெடுந்தூரம் குறைவு. அதை நம்பித்தான் பிள்ளைகளைக் காற்றடித்த டியூப்பில் விடுகிறார்கள். காற்று அப்போது கரையிலிருந்து வெளியே தள்ளும். பிள்ளை மிதந்து போவது சத்தமில்லாமல் நடக்கும். டியூப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) கண்டால் அன்று இறங்காதீர்கள்.

கேள்வி: கச்சதீவுக்குத் திருவிழா இல்லாத நாளில் போகலாமா? – வாசகர், குருநகர்

பதில்: சும்மா சுற்றிப்பார்க்கப் போகிற இடமல்ல. குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. மாசி, பங்குனியில் வரும் அந்தோனியார் திருவிழாவுக்குப் பதிவு செய்து, குறிகாட்டுவானிலிருந்து விடும் படகுகளில் போங்கள். இரவு அங்கே தங்க வேண்டும் என்பதால் பாய், போர்வை, டோர்ச், இரண்டு நாளுக்கான தண்ணீர் கொண்டுபோங்கள்.