வீடு நம்முடையது, பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: சீப்புச் சீடை, மணகோலம் என்று பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். 15,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டேன். சைட்டைப் போட்டுக் கொடுத்தவர், டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரை, தன் பெயரில் பதிவு செய்திருக்கிறார். வேறு ஆளிடம் மாற்ற நினைத்தால் 40,000 கேட்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, தவறு உங்களுடையது இல்லை. இந்த வேலையை நம் ஊரில் பலர் செய்கிறார்கள், எனக்கு இதில் ஆறாத கோபம். டொமைன் என்பது வீட்டுப் பத்திரம். நாம் பணம் போட்டுக் கட்டிய வீட்டுக்குப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுத விடுவோமா? வெப்சைட் போடுகிறவர் வேலைக்காரர், உரிமையாளர் இல்லை. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரிதான் பதிவாக வேண்டும்.

பணம் கொடுத்த ஆதாரத்தோடு, டொமைன் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 'ஆத் கோடு' என்ற ரகசியக் குறியீடு வேண்டும், அதையும் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

கேள்வி: டைல்ஸ் பட்டறைக்கு வெப்சைட். ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்கும் சர்வர் இடத்துக்கான வாடகை, முதல் வருடம் மிகக் குறைந்த விலை, 3 வருடம் சேர்த்துக் கட்டினால் இன்னும் தள்ளுபடியாம். கட்டலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: ஒரு வருடம் மட்டும் கட்டுங்கள். இரண்டாம் வருட விலை, ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். நான் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 3 வருடம் கட்டினேன். எட்டாம் மாதம் சர்வர் நின்றது, அந்த நிறுவனத்தின் போனும் நின்றது. பேக்கப், அதாவது சைட்டின் நகல், என்னிடம் இல்லை, எழுதியதெல்லாம் போய்விட்டது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது. மாதம் ஒரு முறை பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்.

கேள்வி: வெப்சைட் போடுகிறவர் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாக 6,000 கேட்கிறார். வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறோம்.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது.

கேள்வி: வெப்சைட் போட்டுத் தருவதாகப் போனில் பேசியவருக்கு ஜிபேயில் 8,000 அனுப்பினேன். ஆளைக் காணோம். பில் இல்லை, முழுப்பெயர் தெரியாது, வாட்ஸ்அப் சாட்டையும் அழித்துவிட்டேன்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஜிபே ரசீதில் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். எடுத்துக்கொண்டு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பில் கேட்காமல் பணம் அனுப்புவதை எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: கண்டாங்கி சேலை விற்க சைட் திறக்கிறோம். அதில் எதெல்லாம் இருக்க வேண்டும்?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கடையின் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் விதி, குறைதீர்க்கும் ஆளின் பெயரும் தொடர்பும். 2020 மின்வணிக விதிப்படி புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. அப்புறம், சேலை விவரத்தைப் படமாக ஒட்டாமல் யூனிகோட் தமிழில் எழுதுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி வருகிறவர் கண்டுபிடிப்பது கஷ்டம். போட்டோவைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். போட்டோவில் சிவப்பு, கையில் அரக்கு என்றால் சேலை திரும்பி வரும்.