கணவரின் அடியால் நிலைகுலைந்த தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகக் கணவரின் அடியையும் இழிசொல்லையும் தாங்கி வருகிறேன். சில மாதங்களாக ஏழு வயது மகன்மீது காரணமின்றி எரிந்து விழுகிறேன், இருமுறை அடித்தும்விட்டேன். அதைச் செல்போனில் பதிவு செய்துள்ள கணவர், நான் வழக்குப் போட்டால் மகனை நீதிமன்றம் தன்னிடமே ஒப்படைக்கும் என்கிறார். உண்மையா?

பதில்: சகோதரி, அந்தப் பதிவுக்குப் பயந்து வழக்குத் தொடராமல் இருந்துவிடாதீர்கள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றம் குழந்தையின் நலனை வைத்தே தீர்மானிக்கிறது. அந்த நலனை எடைபோடும்போது, தாய் அடிபடுவதை மகன் அன்றாடம் பார்த்து வளர்வதும் கணக்கில் வந்தாக வேண்டும். உறக்கமின்றி, அடுத்த அடி எப்போது விழும் என்ற அச்சத்திலேயே இருப்பவரின் பொறுமை குழந்தையிடம்தான் முதலில் உடைகிறது என்பதை இத்தகைய வழக்குகளில் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இதனால் நீங்கள் மகனை அடித்தது சரியாகிவிடாது. ஆனால் அதை மறைக்காமல், எந்தச் சூழலில் நேர்ந்தது என்பதோடு மனுவில் நீங்களே எழுதிவிட்டால், கணவர் கையிலுள்ள பதிவு அவர் நினைக்கும் வலுவை இழந்துவிடும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் பிரிவு 12-இன்கீழ் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். கணவர் மேலும் வன்முறையில் இறங்காமல் தடுக்கப் பிரிவு 18-இன்படி பாதுகாப்பு ஆணையும், உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றாமல் தடுக்கப் பிரிவு 19-இன்படி வசிப்பிட ஆணையும் கோருவதோடு, பிரிவு 21-இன்படி மகனைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடுமாறும் கட்டாயம் கேளுங்கள். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். தந்தை வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்காகும் என்று நடுவர் கருதினால், அதே பிரிவின்கீழ் அச்சந்திப்பை மறுக்கவும் முடியும். அவசரமெனில் பிரிவு 23-இன்கீழ் இடைக்கால ஆணை பெறலாம். பலர் முன்னிலையில் பேசக் கூசினால், பிரிவு 16-இன்படி விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கோரலாம்.

மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு தயாரிக்க உதவுவார்; 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் உதவி கிடைக்கும். வருமானம் எதுவாயினும், பெண் என்ற முறையில் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணமின்றி வழக்கறிஞர் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

மனநல ஆலோசனையை இந்த வாரமே தொடங்குங்கள். சிகிச்சை பெறுவது உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சம் வேண்டாம். மகனுக்காக நீங்கள் எடுத்த முயற்சிக்கு அந்தச் சிகிச்சைச் சீட்டுகளே சான்றாகும். காயத்துக்கு மருத்துவம் பார்த்த ஆவணங்களையும் சேர்த்து வையுங்கள். தந்தைக்கு எதிராக என்ன சொல்ல வேண்டும் என்று மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நீதிபதி தனியே அழைத்துக் கேட்டால், அவன் கண்டதை அவனே சொல்லட்டும்.