காணொளியில் பறக்கும் போர் விமானங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விமானப் பறப்பு விளையாட்டுகளில் பதிவுசெய்து யூடியூபில் வெளியிடப்படும் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவன் நான். அவற்றில் நான்கு போர் விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுவதுபோல் ஒட்டிப் பறந்தபடியே எதிரியைத் தேடிச் செல்கின்றன. உண்மையான போரிலும் இப்படித்தான் பறப்பார்களா?

பதில்: இல்லை. சூரியகிரண் குழுவின் சாகசக் காட்சியிலும், மேகத்துக்குள் ஒருவரையொருவர் தவறவிடாமல் கடக்கும்போதும் ஒட்டிப் பறப்பார்கள். எதிரி எங்கிருந்தும் வரக்கூடிய வானத்திலோ, பக்கத்து விமானத்தோடு மோதிவிடாமல் இருப்பதிலேயே விமானியின் கவனம் முழுவதும் போய்விட்டால், பின்னால் வருகிறவனைக் கவனிக்க ஆளிருக்காது. தம்மைச் சுட்டவரைக் கடைசிவரை பார்க்காமலே வீழ்ந்த விமானிகள் ஏராளம்.

இந்தப் பாடத்தைப் பிரிட்டன் உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. 1940 கோடையில் அதன் விமானப்படை, மூன்று விமானங்கள் ஆங்கில 'வி' வடிவில் நெருங்கிப் பறக்கும் முறையோடு போரில் இறங்கியது. பின்னால் வரும் இருவரும் தலைவரின் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஜெர்மானியரோ, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது வெர்னர் மோல்டர்ஸ் 1938-இல் செம்மைப்படுத்திய முறையில், இருவர் இருவராக நான்கு விமானங்களை, விரித்த கையின் நான்கு விரல்நுனிகள் அமைந்திருப்பதுபோல் முன்பின்னாக, சுமார் 200 மீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டார்கள். அந்த இடைவெளியில் மோதிவிடுவோமோ என்ற பயமில்லாததால், ஒவ்வொருவரும் மற்றவரின் வால்பக்கத்தைக் கண்காணிக்க முடிந்தது. 1941-இல் பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடரின் டாங்மியர் அணியும் இம்முறைக்கு மாறியது.

ஒரு காணொளியைச் சோதிக்க விரும்பினால், அணி திரும்பும் இடத்தைப் பாருங்கள். அகன்ற அணியில் வெளிப்பக்கமுள்ள விமானம் அதிக தூரம் சுற்றவேண்டியிருப்பதால், தன் இடத்திலேயே இருந்தால் பின்தங்கிவிடும். ஆகவே திரும்பும்போதே குறுக்கே கடந்து, அணியின் மறுபக்கம் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். கணினி ஓட்டும் துணை விமானங்கள் பலவும் ஒரே பலகையில் ஆணியடித்து வைத்ததுபோல் அப்படியே திரும்புவதைக் காணலாம்.

கேள்வி: இது தெரிந்தும் ஏன் அப்படிப் படமெடுக்கிறார்கள்?

பதில்: திரை இடங்கொடுக்காது என்பதே காரணம். இன்றைய ஜெட் விமானங்கள் பக்கவாட்டில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் விலகிப் பறப்பது சாதாரணம். 15 மீட்டர் நீளமுள்ள எஃப்-16, 90 பாகைப் பார்வையைக் காட்டும் 1920 பிக்சல் அகலத் திரையின் நடுவில், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் பக்கவாட்டாகத் தெரிந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 7 பிக்சல்தான். அந்தப் புள்ளியைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஆகவே படமெடுப்பவர்களை நான் அதிகம் குறைசொல்ல மாட்டேன். 'அச்சு அசல் போர் உத்தி' என்று தலைப்பிடும்போதுதான் உறுத்துகிறது.

கேள்வி: இரண்டு விமானங்கள் மாறிமாறிக் குறுக்கே பாய்ந்து எதிரியை மடக்கும் 'தாச் பின்னல்' கற்பனையா?

பதில்: முற்றிலும் உண்மை. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், ஜப்பானின் ஜீரோ விமானம் தம்முடைய வைல்ட்கேட்டைவிட விரைவாக மேலேறும், எளிதாகத் திரும்பும் என்ற தகவலை அறிந்து, 1941-இல் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை நகர்த்திப் பார்த்து வகுத்த உத்தி அது. அகன்று பறக்கும் இருவரில் ஒருவரை எதிரி துரத்தினால், இருவரும் ஒருவரையொருவர் நோக்கித் திரும்புவார்கள். துரத்துபவன் தானாகவே மற்றவரின் துப்பாக்கிக்கு முன்னால் வந்துவிடுவான். 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில் தாச் அதைச் செய்து காட்டினார். சேர்ந்து பயின்ற இரண்டு மனிதர்கள் ஆடும் காணொளியில் இது நன்றாகவே அமைகிறது.

கேள்வி: அப்படியானால் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நெருங்கிப் பறப்பதாகக் காட்டுவதும் தவறா?

பதில்: அது சரிதான். துணைக்குப் போர் விமானங்கள் இல்லாத தொலைவில், ஒன்றன் துப்பாக்கிகள் மற்றொன்றைக் காக்கும்படி, உயரத்தில் ஏற்றஇறக்கம் வைத்து நெருங்கிப் பறக்கும் பெட்டி வடிவ அணியை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை அதிகாரியாக இருந்த கர்ட்டிஸ் லிமே வகுத்தார். அந்த நெருக்கத்தில், மேலேயுள்ள விமானம் போட்ட குண்டு கீழே பறந்த சொந்த அணி விமானத்தின்மேல் விழுந்ததும் உண்டு. அதைக் காட்டும் காணொளியை இதுவரை நான் பார்க்கவில்லை.