ப்ரோப் ஒட்டுறது ஈஸி, நிக்க வைக்கிறதுதான் வேலை: டிஎன்ஏ சிப் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அமைன் போட்ட ப்ரோப்ப (சிப் மேல ஒட்டி வச்சு, தேடுற டிஎன்ஏவ புடிக்கிற இழை) ட்ரிஸ் பஃபர்ல கரைச்சு, அமைன புடிக்கிற ஆல்டிஹைட் பூசின கண்ணாடி ஸ்லைடுல ஸ்பாட் பண்ணேன். சிக்னலே வரல, ஏன்?

பதில்: ட்ரிஸ்தான் தம்பி காரணம். அதுலயே ஒரு ப்ரைமரி அமைன் இருக்கு, ப்ரோப் மைக்ரோமோலார்ல இருக்கும் ட்ரிஸ் மில்லிமோலார்ல இருக்கும், ஆல்டிஹைட்ல யாரு முந்தி உக்காருவாங்கன்னு நானே சொல்லணுமா? பாஸ்பேட் பஃபருக்கு மாறு. அப்புறம் அமைனும் ஆல்டிஹைடும் சேந்து உருவாகுற இமின் பாண்ட் தண்ணி பட்டா திரும்ப உடையும், அதனால சோடியம் போரோஹைட்ரைட்ல ஒரு கழுவு கழுவு, மிச்சம் கிடக்குற ஆல்டிஹைடும் ஆல்கஹாலா மாறி பேக்கிரவுண்ட் குறையும். போரோஹைட்ரைட்ட அப்பப்ப புதுசா கலக்கணும், ஹைட்ரஜன் வரும், மூடிய இறுக்கி வச்சுடாத.

கேள்வி: பாலிலைசின் பூசின ஸ்லைடே போதாதா மேடம்? சீப்பா முடிஞ்சிரும்.

பதில்: நீளமான சிடிஎன்ஏன்னா (ஆர்என்ஏலேர்ந்து நகலெடுத்த டிஎன்ஏ) தாராளமா போதும். 1995ல ஸ்டான்போர்டுல அரபிடாப்சிஸ் செடியோட 45 ஜீன அப்படித்தான் பாத்தாங்க. ஆனா 20, 25 பேஸ் ஆலிகோ, அதாவது குட்டி டிஎன்ஏ இழை, அதுல படுத்துக்கும், இல்ல கழுவும்போது போயிடும். அதுக்கு ஒரு முனைய மட்டும் புடிச்சு நிறுத்தணும்.

கேள்வி: கோல்டு எலக்ட்ரோட்ல தயால் (தங்கத்துல ஒட்டுற கந்தக முனை) போட்ட ப்ரோப் எவ்ளோ நெருக்கமா போட்டா சிக்னல் அவ்ளோ கூடும்தானே?

பதில்: இதுலதான் முக்கால்வாசி பேரு மாட்டுறாங்க. ஓரளவுக்கு மேல போனா சிக்னல் குறையும் சார். ரெட்டை இழை சேந்தா 2 நானோமீட்டர் அகலம், அதுக்கு இடம் வேணும், போதாததுக்கு எல்லா இழையும் நெகட்டிவ் சார்ஜ், கூட்டமா நின்னா உள்ள வர்ற டார்கெட்ட, அதாவது நாம தேடுற டிஎன்ஏவ, தள்ளி விட்டுரும். ஒட்டும்போது உப்ப குறைச்சா அடர்த்தி குறையும், கூட்டினா கூடும், ரெண்டு மூணு அளவுல போட்டு பாருங்க. அப்புறம் மெர்காப்டோஹெக்ஸனால் (அதுவும் ஒரு குட்டி தயால்தான்) ஊத்துறத மட்டும் விட்டுடாதீங்க, சும்மா மேல ஒட்டிக்கிட்டு படுத்திருக்குற இழைகள அதுதான் கிளப்பி விடும், காலி இடத்தயும் அடைச்சிரும். ப்ரோப் டிடிடிங்கிற கெமிக்கல் கலந்து வந்திருந்தா முதல்ல அத பிரிக்கிற காலம்ல (column) விட்டு எடுத்துருங்க, அதுலயும் தயால் இருக்கு.

கேள்வி: ஸ்பாட்டு காஞ்சா வளையமா தெரியுது, நடுவுல ஒன்னுமே இல்ல.

பதில்: வேகமா காயுது. ஸ்பாட்டிங் பஃபர்ல பீட்டெய்ன் இல்ல டிஎம்எஸ்ஓ சேருங்க, ஈரப்பதத்த ஏத்துங்க.

கேள்வி: டிஎன்ஏ இழையோட ரெண்டு முனைல எத ஒட்டணும், 3 ப்ரைமா 5 ப்ரைமா?

பதில்: வெறும் ஹைப்ரிடைசேஷன்னா (ரெண்டு இழை ஜோடி சேர்றது) எதுவா இருந்தாலும் ஓடும், அஃபிமெட்ரிக்ஸ் கம்பெனி சிப்புல 25 பேஸ் ப்ரோப்ப 3 ப்ரைம் பக்கத்துலேர்ந்துதான் கட்டுனாங்க. ஆனா சிப் மேலயே பாலிமரேஸ் என்சைம் விட்டு இழைய நீட்டப் போறீங்கன்னா 3 ப்ரைம் ஃப்ரீயா இருக்கணும், அப்ப 5 ப்ரைம் பக்கம் ஒட்டுங்க, நடுவுல ஒரு 10 டி (தைமின் பேஸ்) ஸ்பேசரும் வச்சு ஆர்டர் போடுங்க.