37 வயதில் வெளிநாட்டுப் பயிற்சி முகாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 37. படிக்கிற காலத்தில் மாகாண மட்டம் வரை மேசைப்பந்து விளையாடியவன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று மட்டையைத் தொடவே இல்லை. இப்போது சில வருடங்களாக மறுபடி விளையாடுகிறேன். தோட்டத்து ஸ்டாப் கிளப்பில் ஒரு மேசை இருக்கிறது. கிழமையில் மூன்று நாள், பின்னேரத்தில், நாங்கள் நாலு பேர். அவர்களிடம் ஜெயித்துவிடுகிறேன். கொழும்பிலோ கண்டியிலோ போட்டிக்குப் போனால் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பந்து மாறி மாறிப் போகும் ராலி தொடங்கினால் சமாளிப்பேன், ஆனால் ஆட்டத்தைத் தொடங்க அவர்கள் போடும் முதல் பந்தை, அந்தச் சேர்விஸையே, எடுக்க முடிவதில்லை. பந்து உயர்ந்து போகிறது, அடித்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் லீவில் இரண்டு கிழமை எங்காவது பயிற்சி முகாமுக்குப் போக நினைக்கிறேன். சீட்டுக் காசு கொஞ்சம் இருக்கிறது. சீனாவில் ஒரு முகாம் பார்த்தேன், ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் மாமா மகன் இருக்கிறார், அங்கேயும் கோடைகால முகாம்கள் உண்டாம். மூன்றாவது சென்னை. அது கிட்டத்தில் இருப்பதாலோ என்னவோ மனதில் ஏறவில்லை. போவதென்றால் சீனாவுக்கே போவது நல்லது என்று படுகிறது. வீட்டில் “இந்த வயதில் இதெல்லாம் தேவையா” என்று கேட்கிறார்கள். நான் எங்கே போகலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

போய் வாருங்கள். வயதைப் பற்றி வீட்டில் கேட்டால் நி சியாலியனைப் பற்றிச் சொல்லுங்கள். ஷாங்காயில் 1963இல் பிறந்தவர், லக்சம்பர்க் நாட்டுக்காக விளையாடுகிறவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 61 வயதில் இறங்கி முதல் சுற்று ஆட்டத்தை ஜெயித்தார். அவர் ஆடும்போது கால்களைப் பாருங்கள். மேசையை ஒட்டி நின்று, ஓரடி இரண்டடிக்கு மேல் நகராமல், எதிரில் இருக்கிற இளம்பெண்ணை அங்கும் இங்கும் ஓட வைப்பார். எதிராளி அடிக்கும் முன்பே பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சென்னையின் சரத் கமல் 2006இல் மெல்பர்னில் பொதுநலவாய விளையாட்டு ஒற்றையர் தங்கம் எடுத்தவர். 2022இல் பர்மிங்ஹாமில் திரும்பவும் அதே தங்கத்தை எடுத்தபோது அவருக்கு 40 வயது. மூத்தவர்களுக்கான உலக மாஸ்டர்ஸ் மேசைப்பந்துப் போட்டியில் சேரவே 40 வயது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

இனி இடத்துக்கு வருகிறேன். நாட்டைப் பார்த்து முகாமைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் குறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்தக் குறையை நீங்களே தெளிவாக எழுதிவிட்டீர்கள், சேர்விஸை எடுக்க முடியவில்லை என்று. பலர் ‘என் ஆட்டம் முன்னேற வேண்டும்’ என்று மட்டும் எழுதுவார்கள், அவர்களுக்கு எதைச் சொல்வதென்றே தெரியாது. உங்களுக்குச் சொல்ல முடியும்.

உங்கள் கிளப்பில் இருக்கிற மற்ற மூன்று பேரின் சேர்விஸும் உங்களுக்கு மனப்பாடம். ஒருவர் மட்டையைத் தூக்கும்போதே பந்து எங்கே விழும், எந்தப் பக்கம் சுழலும் என்று கைக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடமாக நீங்கள் சேர்விஸைப் படிக்கவில்லை, அந்த மூன்று பேரையும் படித்திருக்கிறீர்கள். கொழும்புப் பையன் ஒருவன் அதே கை அசைவில் ஒரு தடவை பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின்னும் அடுத்த தடவை சுழற்சியே இல்லாத பந்தும் போட்டால், முதலாவதை வலையில் அடிப்பீர்கள், இரண்டாவது உயர்ந்து போகும். இதற்கு மருந்து புதுப்புது ஆட்களின் சேர்விஸ், நூற்றுக்கணக்கில். பக்கத்தில் நின்று ‘இப்போது மட்டை பந்தின் அடியில் பட்டதா, பின்னால் பட்டதா’ என்று உங்களைக் கேட்க ஒருவரும் வேண்டும். 2002க்குப் பிறகு சேர்விஸ் போடுகிறவர் பந்தை உடம்பாலோ கையாலோ மறைக்கக் கூடாது. பந்தை குறைந்தது 16 சென்ரிமீற்றர் மேலே எறியவும் வேண்டும். ஆகவே மட்டை பந்தில் படும் அந்தக் கணம் உங்கள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும்.

வெளிநாட்டு முகாம் என்றால் எல்லோரும் முதலில் காட்டுவது மல்டிபால். பயிற்றுநர் ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து தட்டி அனுப்புவார், நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். வீடியோவில் பார்க்க ஆசையாக இருக்கும். கால் நகர்வுக்கும், பந்தை முன்னோக்கிச் சுழற்றி அடிக்கும் டாப்ஸ்பின்னுக்கும் அதைப்போல ஒரு பயிற்சி இல்லை. ஆனால் கூடையிலிருந்து வரும் பந்து சேர்விஸ் இல்லையே. அதில் மேலே எறிதல் இல்லை, ஏமாற்றும் கை அசைவு இல்லை, பந்து இரண்டு பக்கமும் துள்ளி வருவதும் பெரும்பாலும் இல்லை. நாள் முழுக்க மல்டிபால் அடித்துவிட்டு வந்தால் போர்ஹேண்ட் பளபளக்கும், கண்டியில் மறுபடி முதல் சுற்றிலேயே நிற்பீர்கள். ஆகவே முகாமுக்கு எழுதும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஒரு நாளில் சேர்விஸுக்கும் அதை எடுக்கிற ரிசீவுக்கும் தனியாக எவ்வளவு நேரம்? அப்புறம், பின்னேரம் ஆட்டங்கள் உண்டா, தினமும் வேறு வேறு ஆளோடு ஆட விடுவார்களா?

சீனாவைப் பற்றி. அங்கே உள்ள பயிற்சி முறையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஹெபெய் மாகாணத்தில் ஜெங்டிங், ஷாங்காயில் மேசைப்பந்துக் கல்லூரி என்று உலகமே போய்ப் படிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒரு வளர்ந்த ஆளுக்கு அங்கே கிடைக்கும் பெரிய லாபம் ஸ்பாரிங். உங்களை விடப் பல மடங்கு தேர்ந்த இளைஞர் ஒருவர் மேசைக்கு மறுபக்கம் நின்று, சலிக்காமல், நீங்கள் கேட்கிற பந்தையே போட்டுக்கொண்டிருப்பார். அது வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் நாளைக்கு ஆறு மணித்தியாலம் என்பது ஏழு எட்டு வயதிலிருந்து அப்படியே வளர்ந்த உடம்புகளுக்காகப் போடப்பட்ட கணக்கு. கிழமைக்கு மூன்று பின்னேரம் ஆடுகிற 37 வயதுத் தோளும் முழங்கையும் அதை இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் கேள்வி கேட்கும். தசை சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் நாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது, வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். பண்டாரவளையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு முகாமுக்குப் போய், முதல் கிழமை முடியும் முன்பே முழங்கை வீங்கி, மிச்ச நாட்களைப் பார்வையாளர் வாங்கிலில் கழித்துவிட்டு வந்தார். காசும் போய், ஆறு மாதம் மட்டையையும் பிடிக்க முடியவில்லை. சீனாவுக்குத்தான் போவேன் என்றால், காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் ஒன்றரை, நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு என்று எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாத இடம் உங்களுக்கு ஏற்ற இடமில்லை.

ஜெர்மனிக்கு வேறு ஒரு பலம் இருக்கிறது. அங்கே வளர்ந்தவர்கள் ஆடுவது சாதாரணமான காரியம். ஊருக்கு ஊர் கிளப், படி படியாக லீக், பகலில் கடை வைத்திருக்கிறவரும் இரவில் கிளப் அணிக்கு ஆடுவார். ஆகவே பயிற்றுநர்களுக்கு நாற்பது ஐம்பது வயதுக்காரரைக் கையாளத் தெரியும். ஜெர்மனியின் பெயர்பெற்ற வீரர் டிமோ போல் பல வருடம் ஆடிய டுசெல்டோர்ஃப் கிளப்பே பொதுமக்களுக்கும் பயிற்சி வைக்கிறது. ஆகஸ்ட் அங்கே புது சீசனுக்குத் தயாராகும் காலம் என்பதால் முகாம்களும் நிறைய நடக்கும், ஆட ஆட்களும் கிடைப்பார்கள். செலவுதான் இடிக்கும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதி வேண்டும், மாமா மகனின் அழைப்புக் கடிதம் வேண்டும், நேர்முகத்துக்குத் திகதி கிடைக்க வேண்டும். தங்க இடம் இருப்பதால் பிறகு ஒரு காலத்தில் இதை யோசிக்கலாம். இந்த ஆகஸ்டுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் மனதில் ஏறவில்லை என்று சொன்ன சென்னைக்கே போங்கள் என்கிறேன். கிட்டத்தில் இருப்பதாலோ மலிவு என்பதாலோ மட்டும் சொல்லவில்லை. வளர்ந்த ஆள் கேட்டுக் கேட்டுப் படிக்கிறவன். பிள்ளைக்கு ‘இப்படி அடி’ என்று காட்டினால் போதும், உடம்பு பிடித்துக்கொள்ளும். நமக்கு ‘ஏன் இப்படி’ என்று தெரியாவிட்டால் கை பழைய பாதைக்கே திரும்பிப் போகும். அதுவும் நீங்கள் கணித வாத்தியார், காரணம் கேட்காமல் உங்களுக்கு எதுவும் இறங்காது. ‘மட்டையை எவ்வளவு திறக்க வேண்டும்’, ‘இந்தப் பந்தை ஏன் மெதுவாகத் தள்ளி புஷ் பண்ணச் சொன்னீர்கள், ஏன் மணிக்கட்டால் சுண்டி பிளிக் பண்ணச் சொல்லவில்லை’ என்று உங்கள் பாஷையிலேயே கேட்டு, பதிலுக்கு மறுகேள்வியும் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் அந்த மறுகேள்வியை நாம் விழுங்கிவிடுவோம். சரத் கமல், சத்தியன் என்று உலக மட்டத்தில் ஆடியவர்களை வளர்த்த ஊர் அது. பயிற்றுநரும் உண்டு, வகை வகையாகச் சேர்விஸ் போடும் இளைஞர் கூட்டமும் உண்டு. கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய் இறங்கிவிடலாம். மிஞ்சும் காசில், டிசம்பர் லீவில் இன்னொரு தடவை ஒரு கிழமை போகலாம். இரண்டு கிழமையை ஒரேயடியாக அடிப்பதை விட, ஒரு கிழமை போய், நாலு மாதம் இங்கே பழகி, மறுபடி ஒரு கிழமை போனால் கையில் அதிகம் தங்கும்.

சென்னையில் இறங்கியதும் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நம் குளிரையும் அந்த ஊர் வெக்கையையும் கணக்கில் எடுத்தாலும், இங்கே காற்றின் அடர்த்தி சென்னையை விட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பந்தின் எடை வெறும் 2.7 கிராம், காற்று அதை என்ன வேண்டுமானாலும் செய்யும். அங்கே நீங்கள் அடிக்கும் பந்து கொஞ்சம் வேகம் குறைந்து, கொஞ்சம் முன்னாலேயே விழும். எதிராளியின் டாப்ஸ்பின் இங்கே பார்த்ததை விடக் கூடுதலாகக் குத்தி இறங்கும், பக்கவாட்டில் சுழலும் சைட்ஸ்பின் கூடுதலாக வளையும். முதல் இரண்டு நாள் எல்லாம் தப்பாகப் போவதுபோல் இருக்கும். பயந்துபோய் அடியை மாற்றிவிடாதீர்கள். பயிற்றுநரிடம் மலையிலிருந்து வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் கண் பழகிவிடும். நுவரெலியாக்காரருக்கு இது இன்னும் கூட, அவர்கள் இருப்பது 1,868 மீற்றரில்.

மட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பரையும் கவனியுங்கள். ஜூன், ஜூலையில் நம் பக்கம் மண்டபத்துக்குள்ளேயே பனிமூட்டம் வந்துவிடும். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, பந்து பிடிக்காமல் வழுக்கும். விரலை வைத்து இழுத்தால் தெரியும், உலர்ந்த ரப்பர் விரலைப் பிடிக்கும், ஈர ரப்பர் விட்டுவிடும். அந்த வழுக்கலுக்கு ஏற்ற மாதிரி நம்மை அறியாமல் பந்தைத் தட்டிப் பழகிவிடுகிறோம், உரசி எடுப்பது மறந்துபோகிறது. உங்கள் ரிசீவ் உயர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதிருந்தே ஒவ்வொரு கேம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், மட்டையை உறைக்குள் வைத்து வீட்டுக்குள் உலர்வான இடத்தில் வையுங்கள். முகாமுக்காகப் புது மட்டை வாங்காதீர்கள். பழகிய மட்டையில் புது ரப்பர் ஒட்டுவதென்றால் ஒரு மாதம் முன்பே ஒட்டி ஆடிவிடுங்கள். அங்கே போய் ரப்பரைப் பழகுவதில் மூன்று நாள் போனால் அது உங்கள் காசுதான்.

காசு கட்டும் முன் இன்னும் சில கேட்க வேண்டும். ஒரு மேசைக்கு எத்தனை பேர், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மேசை, வளர்ந்தவர்களைப் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்துவார்களா, தலைமைப் பயிற்றுநர் அந்தத் திகதிகளில் ஊரில் இருப்பாரா. கடைசிக் கேள்வி முக்கியம். சுவரொட்டியில் ஒருவர் படம் இருக்கும், அந்தக் கிழமை அவர் போட்டிக்குப் போயிருப்பார். கால அட்டவணை கேட்டால் அச்சடித்ததை அனுப்புவார்கள். ‘போன கிழமை வந்த வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாள் முழுக்க என்ன செய்தார்’ என்று கேளுங்கள். நேராகப் பதில் எழுதுகிற இடத்தை நம்பலாம். நீங்கள் ஆடும் வீடியோ ஒன்றை, முக்கியமாகத் தோற்ற ஆட்டத்தை, முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு வரியாவது திருப்பி எழுதுகிறார்களா என்று பாருங்கள். அரசாங்க வேலை என்றால் வெளிநாட்டு லீவு அனுமதியையும் இப்போதே தொடங்குங்கள், அது இழுக்கும். பயிற்சிக்கு வருவதற்கு எந்த வகை விசா என்று முகாமிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அங்கிருந்து வரும்போது சேர்விஸ்களைக் கொண்டுவாருங்கள். உங்களை அங்கே மிகவும் கஷ்டப்படுத்திய நாலு சேர்விஸை அவர்களிடமே கேட்டுப் படியுங்கள், அனுமதி கேட்டு மெதுவான வேகத்தில் வீடியோவும் எடுங்கள். கிளப்பில் மற்ற மூன்று பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், ஆளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு பின்னேரமும் ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம், அவர்கள் போட வேண்டும், நீங்கள் எடுக்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களும் வளர்வார்கள், உங்களுக்கும் டிசம்பர் வரை ரிசீவ் எடுக்க ஆள் இருக்கும்.

முழங்காலையும் தோளையும் பழக்க இன்றைக்கே தொடங்கலாம். பாடசாலை விட்டுக் கிளப்புக்கு நடந்தே போங்கள். கிழமைக்கு மூன்று நாளை நாலாக்குங்கள், ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையும் பின்னேரமுமாக இரண்டு வேளை ஆடிப் பாருங்கள், மறுநாள் காலையில் எங்கே வலிக்கிறது என்று குறித்து வைத்து அதை முகாமுக்கு எழுதுங்கள். சென்னையிலிருந்து வரும் பதில்களில் சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா