குடியரசு வேறு, ஜனநாயகம் வேறு

*தேசிய உறுதிமொழியில் 'ஜனநாயகம்' வருகிறது. கடப்பிதழ் அட்டையில் சிங்கப்பூர்க் குடியரசு என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா என்று மகள் கேட்கிறாள். (வாசகி, ஈசூன்)*

ஒன்றில்லை. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரை அரசருக்கு உரியதல்ல என்பது குடியரசு. ஆள்பவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஜனநாயகம். பிரிட்டனில் மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. அது ஜனநாயகம், குடியரசல்ல. வடகொரியாவின் பெயரில் இரண்டு சொல்லும் இருக்கின்றன. பெயரில் இருந்தால் போதுமா?

நம் நாட்டில் ஜனநாயகம்தான் முந்தியது. 1959 மே 30இல் சட்டமன்றத்தின் 51 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்களிப்பது அப்போதே கட்டாயம். ஆனால் நாட்டுக்குத் தலைவி பிரிட்டிஷ் அரசியார். 1965 ஆகஸ்ட் 9 சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்: 'ஜனநாயக நாடு' என்று இருக்கும், 'குடியரசு' இருக்காது. அந்தச் சொல் டிசம்பர் 22இல் நாடாளுமன்றம் திருத்திய சட்டத்தில்தான் வந்தது, அதுவும் ஆகஸ்ட் 9 முதல் செல்லும்படியாக. மகளிடம் இந்த நான்கு மாதக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

*இந்தியாவுக்குச் சுதந்திர தினம், குடியரசு தினம் என இரண்டு. நமக்கு ஏன் ஒன்று? (வாசகர், தேக்கா)*

மேலே சொன்ன முன்தேதிதான் காரணம். இந்தியா 1947 ஆகஸ்ட் 15இல் விடுதலை பெற்றும், 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ் மன்னரே அதன் தலைவர். நமக்கு இரண்டும் ஒரே தேதியில் அடங்கிவிட்டன.

*மலேசியாவில் மாமன்னரையும் தேர்ந்தெடுக்கிறார்களே, அது குடியரசாகாதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)*

ஆகாது. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியார் யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. அடுத்த முறை ஜோகூருக்குப் போகக் காசு மாற்றும்போது நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிங்கிட்டில் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். சிங்கப்பூர் வெள்ளி நோட்டில் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். வேறுபாடு கையிலேயே இருக்கிறது.

*'அதிபர்', 'குடியரசுத் தலைவர்' எது சரி? (வாசகி, பிடோக்)*

இரண்டும் சரி. இங்கே அதிபர், இந்தியாவில் குடியரசுத் தலைவர். ஆனால் இந்தியாவில் அவரைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் 1993 முதல் நேரடியாக வாக்களிக்கிறோம். போட்டி இல்லாவிட்டால் வாக்கெடுப்பு இருக்காது.

*ஜனநாயகத்துக்குத் தமிழ்ச்சொல் குடியாட்சி என்று எழுதலாமா? (ஆசிரியர், தெம்பனிஸ்)*

எழுதலாம், பழைய நூல்களிலும் உண்டு. ஆனால் நான் எழுதுவதில்லை. 'குடி' என்றால் மக்கள் என்பதால் குடியரசையே மக்களாட்சி என்று நினைக்கிறோம், குழப்பத்தின் வேரே அங்குதான். பக்கத்தில் குடியாட்சியும் வந்தால் மாணவர்கள் இன்னும் திணறுவார்கள். மக்களாட்சி என்றே எழுதச் சொல்லுங்கள்.