டெல்லியில் குழந்தைகளோடு இரண்டு நாள்

கேள்வி: டிசம்பரில் 3, 6 வயதுப் பிள்ளைகளோடு டெல்லி போகிறோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான் இருப்போம். எதைப் பார்க்கலாம்?

பதில்: திங்களன்று செங்கோட்டை, ரயில் அருங்காட்சியகம் இரண்டுக்கும் விடுமுறை. அன்று குதுப்மினாரும் லோதி தோட்டமும் போங்கள். செவ்வாயைச் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்துக்கே விடுங்கள். இந்த வயதுக்குச் செங்கோட்டையைவிட அதுதான் ஏற்றது. நீராவி எஞ்சினின் ராட்சதச் சக்கரத்தை ஒட்டி நின்றே பார்க்கலாம். பொம்மை ரயிலுக்குத் தனி டிக்கெட். போனதும் அதை வாங்கிவிடுங்கள், வரிசை நீண்டால் சின்னது அழ ஆரம்பித்துவிடும். மெட்ரோவில் 3 அடிக்குக் குறைவான பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். முதல் பெட்டி பெண்களுக்கானது, அப்பா அதில் ஏறக்கூடாது. காலையில் பனிமூட்டம் இருக்கும், பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு போட்டுவிடுங்கள். மதிய வெயிலில் ஒன்றைக் கழற்றிவிடலாம்.